பழைய மடிக்கணினியைக் கைவிடலாமா?

ஊர் விட்டு ஊர் வந்து குடியிருப்போர் வீட்டில் விலையுயர்ந்த பொருள் ஒன்றைப் புதிதாக வாங்குவது எளிதன்று. வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்பு, ஆண்டுக்கொரு முறை சொந்த ஊருக்குப் போய்வரும் ரயில் செலவு ஆகியவை போக மிஞ்சுவதில்தான் மற்றவை நடந்தாக வேண்டும். அத்தகைய வீடுகளில் எட்டு, பத்து ஆண்டு உழைத்த மடிக்கணினி ஒன்று இருப்பதுண்டு. மகள் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியதாக இருக்கலாம். அலுவலகத்தில் கழித்துவிட்டதைக் குறைந்த விலைக்குப் பெற்றதாக இருக்கலாம். 2011ஆம் ஆண்டில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்து, வேலை தேடி வந்தவருடன் பெங்களூருக்கோ தில்லிக்கோ வந்து சேர்ந்ததாகவும் இருக்கலாம்.

ஒரு நாள் இவ்வியந்திரம் தளர்கிறது. பொத்தானை அழுத்திவிட்டுக் காப்பி கலந்து குடித்து முடித்த பின்னரே திரை ஆயத்தமாகிறது. கடையில் காட்டினால், "இதற்கு ஆயுள் முடிந்துவிட்டது, புதிது வாங்குங்கள்" என்று விடை வருகிறது. அது பல சமயங்களில் அவசரத் தீர்ப்பு என்பதே நான் இன்று சொல்ல வந்தது. மடிக்கணினியின் உறுப்புகள் யாவும் ஒரே கதியில் மூப்படைவதில்லை. கணக்கிடும் வேலையைச் செய்யும் பிராசசர் பத்தாண்டு சென்றபின்னும் பெரும்பாலும் முன்போலவே இயங்குகிறது. தேய்பவை வேறு. சுழலும் ஹார்ட் டிஸ்க் தேய்கிறது, பாட்டரி தேய்கிறது, விசிறி தூசி அடைந்து திணறுகிறது, சார்ஜரின் கம்பி முனையில் நைந்து போகிறது. இவற்றுள் குற்றவாளி எது என்று காணாமல் முழு இயந்திரத்துக்கும் தண்டனை விதிப்பது முறையாகாது.

முதலில் ஹார்ட் டிஸ்க்கைப் பார்ப்போம். மந்தமாகிவிட்ட பழைய மடிக்கணினிகளில் நோயின் வேர் அடிக்கடி இங்கேதான் இருக்கிறது. மடிக்கணினிக்குரிய சாதாரண ஹார்ட் டிஸ்க்கினுள் வட்டத் தகடுகள் நிமிடத்துக்கு 5400 முறை சுழல்கின்றன. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லிவினாடி ஆகிறது. வேண்டிய செய்தி இருக்கும் இடத்துக்கு ஒரு சிறு கை நகர்ந்து சென்று, தகட்டின் அப்பகுதி சுழன்று தன் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே, சிதறிக் கிடக்கும் செய்திகளை வினாடிக்கு நூறு முறை எடுத்துக் கொடுத்தாலே அது பெரிய காரியம். பத்திர அலுவலகத்தின் பழைய ஆவண அறையில் ஒரே ஒரு குமாஸ்தா நின்று, கேட்ட கட்டை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து வருவது போன்ற நிலை இது. இன்றைய விண்டோஸ் தொடங்கும்போது கேட்கும் கட்டுகளோ ஆயிரக்கணக்கானவை. பிராசசர் கைகட்டிக் காத்திருக்கிறது. நாம் இயந்திரம் முழுவதுமே கிழடாகிவிட்டது என்று எண்ணுகிறோம்.

எஸ்.எஸ்.டி. எனப்படும் சேமிப்புச் சாதனத்தில் சுழலும் தகடும் இல்லை, நகரும் கையும் இல்லை. வினாடிக்குப் பல்லாயிரம் முறை எடுத்துக் கொடுப்பது அதற்கு இயல்பு. இந்த ஒரு மாற்றத்தினால் தொடங்கும் நேரம் பல நிமிடங்களிலிருந்து அரை நிமிட அளவுக்குக் குறைவதை யாரும் கண்கூடாகக் காணலாம். 2010ஐ ஒட்டி வந்த இயந்திரங்களில் சாட்டா இணைப்பின் வேகம் இன்றைய அளவுக்கு இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. நேரத்தை மிச்சப்படுத்துவது இணைப்பின் வேகத்தைவிடத் தேடும் வேகமே.

வாங்கப் போகும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய மாதிரிகளில் பொருந்துவது 2.5 அங்குலச் சாட்டா வகை. பிற்காலத்து மெல்லிய மாதிரிகளில் எம்.2 என்னும் நீண்ட சிறு பலகை பொருந்தும். அந்த எம்.2விலும் சாட்டா, என்.வி.எம்.இ. என இரு குலங்கள் உண்டு. தோற்றத்தில் இரட்டையர்போல் இருப்பினும் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வேலை செய்யாமல் போகலாம். இயந்திரத்தின் அடிப்புறத்தில் அச்சிட்டுள்ள மாதிரிப் பெயரைக் குறித்துக்கொண்டு, அதற்கு எது ஏற்றது என்று உறுதிசெய்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

பழைய டிஸ்க்கிலிருந்து 'டிக், டிக்' என்று விட்டுவிட்டு ஒலி கேட்டால், வேகத்தைப் பற்றிய பேச்சை நிறுத்திவிடுங்கள். அது டிஸ்க் பழுதாகி வருவதன் அடையாளம். மறுபடியும் மறுபடியும் இயக்கிப் பார்த்தால் இருப்பதும் போய்விடும். தாத்தா பாட்டியின் சதாபிஷேகப் படங்கள், வீட்டுப் பத்திரத்தின் நகல், பிள்ளையின் ஆராய்ச்சிக் கட்டுரை ஆகிய ஈடில்லாதவற்றை முதலில் வேறிடத்தில் படியெடுத்துக்கொள்ள வேண்டும். மற்றவை அதன் பிறகு.

அடுத்தது ரேம். 4 ஜி.பி. உள்ள இயந்திரத்தில் இணையப் பக்கங்கள் நாலைந்தைத் திறந்தாலே இடம் நிறைந்துவிடுகிறது, 8 ஜி.பி. ஆக்கினால் அன்றாட வேலைக்குப் போதும். ரேமிலும் தலைமுறைகள் உண்டு. டி.டி.ஆர்.3 பலகையை டி.டி.ஆர்.4 இடத்தில் செருக முடியாதபடி வெட்டு மாறி அமைந்திருக்கிறது. அது நல்ல காப்பு. ஆனால் 1.5 வோல்ட்டில் இயங்கும் டி.டி.ஆர்.3க்கும் 1.35 வோல்ட்டில் இயங்கும் டி.டி.ஆர்.3எல்லுக்கும் வெட்டு ஒன்றே. குறைந்த வோல்ட்டையே ஏற்கும் இயந்திரத்தில் மற்றதைச் செருகினால் திரை இருண்டே இருக்கும். அந்த 'எல்' என்னும் ஓரெழுத்தைப் பார்க்காமல் வாங்கிவிட்டு, பலகை பழுது என்று கடைக்காரரிடம் சண்டையிடுவோர் உண்டு. சில மாதிரிகளில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே நாம் செய்யக்கூடியது எதுவுமில்லை.

இனி மின்சாரத்துக்கு வருவோம். கெடுதல் மிகுதியாக நேர்வதும், ஆபத்து உள்ளதும் இப்பகுதியில்தான். சார்ஜர் பழுதானால், முனை பொருந்துகிறதே என்று கிடைத்ததைச் செருகிவிடுகிறோம். சார்ஜரின் மேல் பொடி எழுத்தில், எடுத்துக்காட்டாக, 19.5 வோல்ட், 3.34 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கும். இரண்டையும் பெருக்கினால் 65 வாட். வோல்ட் என்பது சார்ஜர் தானாகத் தருவது. ஆம்பியர் என்பது இயந்திரம் தன் தேவைக்குக் கேட்டு வாங்கிக்கொள்வது. ஆகையால் வோல்ட் ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் கூடுதலாக இருந்தால் தீங்கில்லை, குறைவாக இருந்தால் சார்ஜர் கொதிக்கும். சில நிறுவனங்களின் சார்ஜர் முனையின் நடுவே மெல்லிய ஊசி ஒன்று உண்டு. "நான் உன் சார்ஜர்தான், இத்தனை வாட்" என்று அது இயந்திரத்துக்கு அறிவிக்கிறது. அந்த ஊசி வளைந்தாலோ, போலிச் சார்ஜரில் அறிவிப்பு இல்லாவிட்டாலோ, இயந்திரம் ஓடும். ஆனால் பாட்டரி ஏறாது, பிராசசரும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மந்தம் எங்கிருந்து வந்தது என்று புரியாமல் ஒருவர் விண்டோஸை மூன்று முறை மாற்றிப் பதித்தாலும் பயனிராது. டைப்-சி முனையுள்ளவற்றில் இயந்திரமும் சார்ஜரும் பேசி முடிவு செய்துகொண்டு 5, 9, 15, 20 வோல்ட் என வேண்டிய அளவைப் பெறுகின்றன. கைப்பேசிக்குரிய 20 வாட் சார்ஜரைச் செருகிவிட்டு ஏறவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை.

உலோக உடலுள்ள மடிக்கணினியைச் சார்ஜரில் இணைத்துத் தொட்டால் விரலில் மெல்லிய அதிர்வு தோன்றுவதாகப் பலர் கூறுவர். சார்ஜரினுள் இரைச்சலை வடிகட்ட வைத்துள்ள கெபாசிட்டர் வழியே மிகச் சிறு மின்னோட்டம் கசிவதால் இது நேர்கிறது. எர்த் இணைப்பு முறையாக இருந்தால் அது தரைக்குப் போய்விடும். பழைய வாடகை வீடுகளிலோ பிளக்கின் மூன்றாம் துளை வெறும் துளையாகவே இருப்பதுண்டு. வீட்டுக்காரரிடம் கேட்டு, மின்பணியாளரை அழைத்து எர்த்தைச் சரிபார்த்துக்கொள்வது மடிக்கணினிக்கு மட்டுமன்று, வாஷிங் மெஷினுக்கும் கெய்சருக்கும், அவற்றைத் தொடும் பிள்ளைகளுக்கும் நல்லது.

பாட்டரியினுள் இருப்பவை லித்தியம் அயன் செல்கள். முழுமையாக ஏறியபோது ஒவ்வொன்றும் 4.2 வோல்ட் காட்டும். இவற்றுக்குப் பகை இரண்டு: வெப்பமும், எப்போதும் முழு வயிற்றோடு இருப்பதும். நாள் முழுதும் சார்ஜரிலேயே வைத்து வேலை செய்வோர், தம் இயந்திரத்தின் அமைப்புகளில் 80 விழுக்காட்டோடு நிறுத்தும் வசதி இருந்தால் அதை அமைத்துக்கொள்வது சிறந்தது. பாட்டரி எந்த அளவு தேய்ந்தது என்று ஊகிக்க வேண்டியதில்லை. விண்டோஸிடம் பாட்டரி அறிக்கை கேட்டால், 'டிசைன் கபாசிட்டி' என்று பிறவி அளவையும், 'ஃபுல் சார்ஜ் கபாசிட்டி' என்று இன்றைய அளவையும் தரும். பின்னது முன்னதில் பாதிக்கும் கீழே போயிருந்தால் மாற்றும் காலம் நெருங்கிவிட்டது எனலாம். மாற்றாமல் ஓட்டினால், மின்சாரம் நின்ற நொடியே இயந்திரமும் அணைந்து, எழுதிக்கொண்டிருந்த கோப்பு சிதையும்.

இதில் ஓர் எச்சரிக்கை. டச்பேட் மேலெழும்பி அழுத்த முடியாமற் போனால், அல்லது சமமான மேசையில் வைத்த மடிக்கணினி ஆடினால், உள்ளே பாட்டரி உப்பியிருக்கக்கூடும். வட நாட்டு மே மாத வெயிலில் அடைத்த அறையில் கிடக்கும் இயந்திரங்களுக்கு இந்த ஆபத்து அதிகம். உடனே சார்ஜரைப் பிடுங்கிவிட வேண்டும். மேலே அழுத்தி மூடக்கூடாது. காற்றை இறக்கலாம் என்று ஊசியால் குத்துவது தீயை வரவழைப்பதாகும். இன்னும் ஓடுகிறதே என்று ஒரு நாள்கூடப் பொறுக்கலாகாது.

வெப்பத்தைப் பற்றிப் பேசும்போது விசிறியையும் சொல்ல வேண்டும். ராஜஸ்தானிலும் தில்லியிலும் கோடையில் வீசும் புழுதி, விசிறியை அடுத்த தாமிரத் தகடுகளின் இடுக்கில் கம்பளிபோல் படிகிறது. குளிர்காலத்தில் ரஜாயின்மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டால் கீழே உள்ள காற்றுவழி அடைபடுகிறது. ஆண்டுக்கொரு முறை திறந்து துடைத்து, பிராசசரின்மேல் உலர்ந்துபோன தெர்மல் பேஸ்டைப் புதுப்பித்தால், இடையிடையே தானே அணைந்துவிடும் நோய் பெரும்பாலும் தீரும்.

இயந்திரம் உயிரே வரவில்லை என்றால் அஞ்ச வேண்டாம். வேறொரு பிளக்கில் சார்ஜரை இட்டுப் பாருங்கள். கழற்றக்கூடிய பாட்டரியாக இருந்தால் அதைக் கழற்றி, சார்ஜரையும் நீக்கி, பொத்தானை 30 வினாடி அழுத்திப் பிடித்து, பிறகு சார்ஜரை மட்டும் கொடுத்து இயக்குங்கள். எஞ்சிய மின்சாரம் வடிந்து விழித்துக்கொள்வதுண்டு. விளக்கு எரிந்து திரை மட்டும் இருண்டிருந்தால், தொலைக்காட்சியில் எச்.டி.எம்.ஐ. வழியே இணைத்துப் பாருங்கள். அங்கே படம் வந்தால் பழுது திரையிலோ அதன் கம்பியிலோதான். ரேம் பலகையைக் கழற்றித் திரும்பப் பொருத்துவதும் கைகண்ட வைத்தியம். தேதி தவறாகக் காட்டி, வங்கித் தளம் திறக்க மறுத்தால், பலகையில் உள்ள 3 வோல்ட் காசு பாட்டரி தீர்ந்திருக்கலாம். பெரும்பாலும் சிஆர்2032 வகையான அது விலை மிகக் குறைந்தது.

மென்பொருள் பக்கத்தில் ஒரு சிக்கல் புதிதாக வந்துள்ளது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் அளித்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 முதலிய தகுதிகள் 2017க்கு முன் வந்த மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றுக்கு இல்லை. உறுப்புகள் நலமாயிருந்தும் பாதுகாப்புத் திருத்தம் வராத இயந்திரத்தில் வங்கிக் கணக்கைத் திறப்பது விவேகமாகாது. இதற்கு மாற்று, லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்ற விலையில்லா இயங்குதளங்கள். பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்த்துவிட்டு, பிடித்தால் பதித்துக்கொள்ளலாம். 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையும் அவற்றில் அமைகிறது. ஊருக்குத் தமிழிலேயே கடிதம் எழுதலாம்.

எதையும் காப்பாற்றலாம் என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் புகுந்து மதர்போர்டு அரித்துப்போனதற்கும், 2 ஜி.பி. ரேமுக்கு மேல் ஏற்காத சிறு நெட்புக்குக்கும் பணத்தைக் கொட்டுவது வீண். மற்றபடி எஸ்.எஸ்.டி., ரேம், பாட்டரி மூன்றின் விலையையும் கூட்டிப் பார்த்து, அது புதிய இயந்திரத்தின் விலையில் பாதியைத் தாண்டினால் நிறுத்திக்கொள்வது என் வழக்கம்.

தில்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லேமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு ஆகிய இடங்களில் இவ்வேலை நாள்தோறும் நடக்கிறது. மொழி தெரியாதவர்கள், வேண்டிய உறுப்பின் பெயரையும் அளவையும் தாளில் எழுதிக் கொண்டுபோவது நலம். கழற்றிய பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொள்ள மறவாதீர்கள். 'ஃபார்மட்' செய்துவிட்டோம் என்று கடைக்காரர் கூறினாலும், அதிலுள்ள படங்களையும் கணக்குகளையும் மீட்டெடுக்கும் வழிகள் உண்டு. உறை ஒன்றில் இட்டால் அதே டிஸ்க் நல்ல நிலையில் இருக்கும்வரை படியெடுத்து வைக்கும் பெட்டியாகப் பயன்படும். பழைய பாட்டரியைக் குப்பையோடு போடக்கூடாது. 2022ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. அதன் உலோக முனைகளின்மேல் இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் சேர்ப்பித்துவிடுங்கள்.