குடற்காவலும் கைக்காவலும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பெரம்பலூர், அரியலூர்ப் பக்கங்களில் வாழும் நம்மவருட் பெரும்பாலார் உழவர். பருத்திக்கு மருந்து தெளிக்குங்கால் முகத்தை மூடிக்கொள்ளுமாறு இளைஞர் ஒருவரிடம் யாம் கூறினேம். "பழஞ்சோறும் மோரும் உண்ட உடம்பு, ஐயா! எந்த நஞ்சும் ஒன்றும் செய்யாது" என்று அவர் நகைத்தார். அவ்வுரையில் மெய் எவ்வளவு என்று ஆராய்தலே இன்று எம் நோக்கம்.

மெய் சிறிது உண்டு. நம் குடலிற் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. தயிரைப் புளிக்கச் செய்யும் இனத்தவற்றுட் சில, பாதரசம் முதலிய உலோகங்களைத் தம் மேற்புறத்திற் பற்றி மலத்தோடு வெளியேற்ற வல்லன. டான்சானியா நாட்டு முவான்சாவில் அத்தகைய நுண்ணுயிர் சேர்த்த தயிரைக் கருவுற்ற மகளிர்க்கு அளித்தனர். அவர் குருதியிற் பாதரசமும் ஆர்சனிக்கும் மேலும் மிகுதல் தடைப்பட்டதென 2014ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பள்ளிச் சிறாரிடத்தோ அப்பயன் தெளிவாகத் தோன்றவில்லை. ஆதலின் எல்லாத் தயிரும் எல்லார்க்கும் காவலென்று கொள்ளற்க.

இனி மறுபக்கத்தை நோக்குவோம். மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர் மானோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிமருந்தை 180 நாள் சிறிது சிறிதாக எலிகட்கு ஊட்டினர். குடலுயிர்கள் அந்நஞ்சைச் சிதைக்கவே செய்தன. ஆனால் அச்சிதைவிற் பிறந்த அசிட்டிக் அமிலம் உடம்பிற் சருக்கரையாக மாறிக் குருதியில் மிகுந்தது. இவ்வகை மருந்தெச்சம் குருதியில் மிகுந்த மதுரைப் பக்கத்துச் சிற்றூராரிடையே நீரிழிவும் மிகுந்திருக்கக் கண்டனர். இஃது 2017ஆம் ஆண்டில் வெளிவந்தது. காவலனென்று நம்பியவனே கள்வனுக்குக் கதவு திறந்தான் அன்றோ!

அன்றியும், தெளிக்கும் மருந்து தோல்வழியும் மூச்சுவழியும் புகும்; அரியலூர்ச் சாலைகளிற் சுண்ணாம்புக்கல் வண்டிகள் எழுப்பும் புழுதியும் மூச்சுவழியே புகும். அவ்வாயில்களிற் குடலுயிர் என் செய்யும்? 2017இற் பெரம்பலூர்ப் பருத்திக்காடுகளில் மருந்து தெளித்த உழவர் சிலர் உயிரிழந்தனர். அவரும் நம்மைப்போல் உண்டு வாழ்ந்தவரே.

ஆதலாற் பழஞ்சோற்றையும் மோரையும் விடற்க. அவற்றைக் கவசமென்றும் கருதற்க. காற்று வீசும் திசை நோக்கியே தெளிமின். வாயும் மூக்கும் மூடுமின். அடைத்த குழாயை வாயால் ஊதற்க. சவுக்காரமிட்டுக் கைகழுவிய பின்னரே சோற்றைத் தொடுமின். மயக்கம் கண்டால், மருந்துப் புட்டியின் சீட்டோடு மருத்துவமனைக்கு விரைமின்.

அவ்விளைஞர் இக்கூட்டத்தில் அமர்ந்திருக்கின்றார். நாளை அவர் முகத்தை மூடிக்கொண்டு வயலுக்குச் செல்வாராயின், எம் உரை பயனுடைத்து.