மொழிபெயர் தேயத்தில் அயர்லாந்தியர்



வேங்கடத்திற்கு அப்பாற்பட்ட நிலத்தைச் சங்கச் சான்றோர் 'மொழிபெயர் தேயம்' என்றனர். மலையையும் ஆற்றையும் மட்டும் எல்லையாகக் கொள்ளாமல், மொழி மாறும் இடத்தையே எல்லையாகக் கண்ட சொல் அது. ஐரிஷ் மொழியிலும் எண்ணிப் பார்க்கத்தக்க ஒரு சொல் உண்டு. நாடு விட்டுச் சென்றவனை அம்மொழி 'டியோரி' என்னும். நாடு கடத்தப்பட்டவன், வீடற்று அலைபவன் என்பதே அதன் பொருள். பிழைப்பை நாடித் தானே கப்பலேறியவனையும் அச்சொல்லே சுட்டிற்று. அமெரிக்கா சென்ற அயர்லாந்தியர் தம்மைத் துரத்தப்பட்டவராகவே கருதியமைக்கு இச்சொல்வழக்கும் ஒரு காரணம் என்று கெர்பி மில்லர் என்னும் வரலாற்றறிஞர் 1985இல் வெளியிட்ட பெருநூலில் வாதிடுகிறார். ஒரு சொல் ஓர் இனத்தின் வரலாற்று உணர்வையே வடிவமைக்குமா என்பதில் எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. ஆயினும், புறந்தள்ளத்தக்க கருத்தன்று அது.

வரலாற்றைச் சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பயிரில் ஒரு கருகல் நோய் பரவியது. ஏழைக் குடியானவர்களுக்கு அக்கிழங்கே சோறு. 1852 வரை நீடித்த பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மாண்டனர். 10 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டு வெளியேறினர். அவ்வாண்டுகளிலும் தீவிலிருந்து தானியம் ஏற்றுமதியாகிக் கொண்டிருந்தது என்பதை அம்மக்கள் இன்றளவும் மறக்கவில்லை.

மகனோ மகளோ அமெரிக்காவிற்குப் புறப்படும் முன்னிரவில் ஊரார் கூடி, இறந்தவர் வீட்டில் விழித்திருப்பதுபோல் விடியும்வரை விழித்திருப்பர். 'அமெரிக்க இழவு' என்றே அதற்குப் பெயர். நம் ஒப்பாரியை ஒத்த அழுகைப் பாட்டு அவர்களிடமும் உண்டு. உயிரோடு நிற்கும் பிள்ளையின் முன்னேயே தாய் அவ்வாறு அழுதாள். பெரும்பாலோர் பின்னர் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை.

இனி மொழிக்கு வருவோம். அயர்லாந்தின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மொழி பற்றிய வினா முதன்முதலாக இடம்பெற்றது 1851இல்தான். அப்போது ஐரிஷ் பேசியோர் ஏறத்தாழ 15 இலட்சம். நான்கில் ஒரு பங்கிற்கும் சற்றுக் குறைவு. பஞ்சம் ஐரிஷ் பேசிய மேற்கு மாவட்டங்களையே கடுமையாகத் தாக்கியிருந்தது. ஆகவே கப்பலேறியவர்களுள் பலருக்கு ஐரிஷே தாய்மொழி. அவ்வாறாயின், நியூயார்க்கிலும் பாஸ்டனிலும் அம்மொழி ஏன் தலைமுறை கடந்து நிலைக்கவில்லை? ஜெர்மானியர் அதே நூற்றாண்டில் அங்குக் குடியேறித் தம் மொழியில் பள்ளியும் நாளிதழும் நடத்தினார்களே!

விடையைத் தேட நாம் அயர்லாந்திற்கே திரும்ப வேண்டும். குழந்தையின் கழுத்தில் ஒரு சிறு குச்சியைக் கட்டிவிடுவார்கள். வீட்டில் ஐரிஷ் பேசும்போதெல்லாம் பெற்றோர் அதில் ஒரு வெட்டுப் போடுவர். மறுநாள் ஆசிரியர் வெட்டுகளை எண்ணித் தண்டனை வழங்குவார். ஆஸ்கார் வைல்டின் தந்தையாகிய மருத்துவர் வில்லியம் வைல்டு இவ்வழக்கத்தைப் பதிவு செய்துள்ளார். 1831இல் தொடங்கிய தேசியப் பள்ளிகளில் ஆங்கிலமே பயிற்றுமொழி என்பது உண்மையே. ஆயினும் அரசை மட்டும் குற்றம் சாட்டி நாம் நகர்ந்துவிட இயலாது. வெட்டுப் போட்டவர்கள் பெற்றோர். பிள்ளை பிழைக்க வேண்டும், ஒருநாள் அமெரிக்கா செல்ல வேண்டும் என்னும் அன்பினால் போட்ட வெட்டுகள் அவை. ஆசிரியப் பெருமக்களே, மொழியிழப்பைப் பற்றி நான் படித்தவற்றுள் என்னை மிகவும் வருத்திய செய்தி இதுவே.

அமெரிக்காவில் அவ்வெண்ணம் பலித்தது என்பதையும் கூறியாக வேண்டும். 1825இல் திறக்கப்பட்ட ஈரி கால்வாயை வெட்டியவர்களுள் அவர்கள் மிகுதி. 1869இல் நிறைவுற்ற கண்டங்கடந்த இருப்புப்பாதையைக் கிழக்கிலிருந்து அவர்களும் மேற்கிலிருந்து சீனத் தொழிலாளரும் இட்டு வந்தனர். இளம்பெண்கள் செல்வர் வீடுகளில் பணிசெய்து, ஊருக்குப் பணம் அனுப்பித் தங்கையரையும் அழைத்துக்கொண்டனர். ஆங்கிலம் தெரிந்தமையால் காவல்துறை, நகராட்சி, தேர்தல் அரசியல் ஆகியவற்றில் பிற குடியேறிகளை அவர்கள் முந்தினர். 1880இல் நியூயார்க் மக்கள் அயர்லாந்தில் பிறந்த வில்லியம் கிரேஸைத் தம் நகர முதல்வராகத் தேர்ந்தெடுத்தனர். கத்தோலிக்கத் திருச்சபையின் தலைமையும் பெரிதும் அவர்கள் கைக்கே வந்தது. மறைப்பள்ளிகளைப் பெருக்கிய பேராயர் ஜான் ஹியூஸ் தைரோன் மாவட்டத்தில் பிறந்தவர். அப்பள்ளிகள் சமயத்தைக் காத்தன. ஐரிஷ் மொழி அங்கே பாடமாக இல்லை. 'நான் அயர்லாந்தியன்' என்பதன் அடையாளம் நாவிலிருந்து கோவிலுக்கு இடம் மாறியது.

புகழத்தக்கதை மட்டும் கூறுவது வரலாறாகாது. 1863 ஜூலையில், உள்நாட்டுப் போருக்குக் கட்டாயமாக ஆள் சேர்ப்பதை எதிர்த்து நியூயார்க்கில் மூண்ட கலவரத்தில் அயர்லாந்துத் தொழிலாளர் பெருந்தொகையாகக் கலந்துகொண்டனர். கறுப்பின மக்களைத் தேடித்தேடிக் கொன்றனர். கறுப்பினச் சிறார்களின் அநாதை இல்லத்திற்குத் தீ வைத்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் அக்கலவரத்தில் இறந்தனர். 'ஐரிஷ்காரர்க்கு வேலை இல்லை' என்னும் அறிவிப்பின் சூட்டை உணர்ந்தவர்களே தம்மினும் தாழ்த்தப்பட்டோர் மீது இவ்வாறு பாய்ந்தனர். முந்தைய ஆண்டு டிசம்பரில் பிரெடெரிக்ஸ்பர்க் போர்க்களத்தில் வடபடைக்காகப் பெருந்தொகையில் மடிந்த ஐரிஷ் படையணியும் இதே மக்களுடையதுதான்.

மொழியியலாளன் என்ற முறையில் ஒரு சிறு விலகலை அனுமதியுங்கள். ஐரிஷில் 'have' என்பதற்கு நேரான வினை இல்லை. 'என்னிடம் புத்தகம் உள்ளது' என நாம் சொல்வதுபோலவே அவர்களும் சொல்வர். 'ஆம்', 'இல்லை' என்பவற்றுக்குத் தனிச்சொற்களும் இல்லை. 'வந்தாயா?' என்றால் 'வந்தேன்' என வினையையே திருப்பிச் சொல்வது மரபு. மொழி மறைந்தபோதும் இவ்வமைப்புகள் அயர்லாந்து ஆங்கிலத்தில் தங்கிவிட்டன. 'இப்போதுதான் உண்டேன்' என்பதை 'உண்டதன் பின் இருக்கிறேன்' என்னும் பாங்கில் அவர்கள் ஆங்கிலத்தில் கூறுவது ஐரிஷின் எலும்புக்கூடே. அமெரிக்காவில் அதுவும் விரைவில் தேய்ந்தது. எஞ்சிய சொற்கள் சில: 'ஏராளம்' என்னும் பொருளில் வழங்கும் 'கலோர்' அவற்றுள் ஒன்று. அமெரிக்கக் கொச்சைச் சொற்கள் பலவும் ஐரிஷிலிருந்தே வந்தன என வாதிட்டு 2007இல் ஒரு நூல் வெளிவந்தது. மொழியியலாளர் அதனை ஏற்கவில்லை. ஒலியொப்புமை ஒன்றையே சான்றாகக் கொள்ளும் வேர்ச்சொல் ஆராய்ச்சி நமக்கும் புதிதன்று. மாணவர்கள் சிரிப்பதிலிருந்தே உங்களுக்கு அது விளங்கிவிட்டது எனத் தெரிகிறது.

இனி, பலரும் அறியாத செய்தி. ஐரிஷ் மொழியைத் தொடர்ந்து அச்சிட்டு வந்த முதல் மாத இதழ் பிறந்த இடம் டப்ளின் அன்று, புரூக்ளின். கால்வே மாவட்டத்திலிருந்து சென்று அங்கு ஆசிரியராகப் பணியாற்றிய மீஹால் ஓ லோகான், 1881இல் 'அன் கேல்' என்னும் இருமொழி இதழைத் தொடங்கினார். அதற்கு முன்னரே 1870களில் அமெரிக்க நகரங்களில் ஐரிஷ் வகுப்புகள் கூடின. தாயகத்தில் கேலிக் கழகம் தோன்றியது 1893இல்தான். அதன் தலைவர் டக்ளஸ் ஹைடு, 1905 முதல் 1906 வரை அமெரிக்காவெங்கும் உரையாற்றி நிதி திரட்டினார். மொழியை விட்டுவிட்டுச் சென்றவர்களின் பணம் அம்மொழியைக் காக்க ஊர் திரும்பியது.

இதனைக் கேட்கையில் உங்களுட் சிலர் நம் வீட்டுக் கூடங்களை நினைக்கலாம். ஒப்புமை முழுமையன்று. இங்குத் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று, பள்ளிப் பாடம். ஐரிஷுக்கு அமெரிக்காவில் அத்தகைய இடம் என்றும் வாய்த்ததில்லை. ஆனால் கழுத்துக் குச்சியைக் கட்டியவர் யார் என்னும் வினா எந்த வீட்டுக்கும் பொருந்தும்.

இன்று 3 கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர் தம் முன்னோர் அயர்லாந்தியர் என்கின்றனர். அயர்லாந்துக் குடியரசின் மக்கள்தொகையைப்போல் அது ஏறக்குறைய ஆறு மடங்கு. அவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு ஐரிஷ் தெரியாது. அவர்களுடைய மரபுரிமை பொய்யானது என்று நான் கூறமாட்டேன். பாட்டும் வழிபாடும் குடும்ப நினைவும் மரபுரிமையே. எனினும், கொள்ளுப்பாட்டி அழுத அழுகையின் சொற்கள் அவர்களுக்குப் புரியா.

கேலிக் கழகத்தை நிறுவியவர்களுள் ஒருவர் யூஜின் ஓகிரௌனி. எளிய ஐரிஷ் பாடங்களை எழுதியவர். மேனூத் கல்லூரியில் ஐரிஷ் பேராசிரியராக இருந்த குரு. உடல்நலம் தேடி அமெரிக்கா சென்ற அவர் 1899இல் லாஸ் ஏஞ்சலஸில் காலமானார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1903இல், அவருடைய உடலைக் கண்டம் கடந்து, கடல் கடந்து கொணர்ந்து மேனூத்தில் அடக்கம் செய்தனர். அப்பாட நூல்களைக் கொண்டு புரூக்ளினிலும் டப்ளினிலும் பெரியவர்கள் மாலை வகுப்புகளில் எழுத்துக்கூட்டிப் படித்துக் கொண்டிருந்த காலம் அது.