குடிக்காதவருக்கும் ஈரல் சுருங்கும்

(சாந்தோம் உரையிலிருந்து)

 

"நாம்தான் மதுவைத் தொடுவதில்லையே, நமக்கெதற்கு ஈரல் நோய்?" என்கிறீர்கள். ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள் ஆள் பார்த்து வருவதில்லை. சர்க்கரை நோயும் தொப்பையும் சேர்ந்தால் ஈரலில் கொழுப்பு படிகிறது. ஆண்டுக்கணக்கில் புண்ணாகி ஆறி, ஆறிப் புண்ணாகி, தழும்பேறிச் சுருங்குவதே சிரோசிஸ். தொடக்கத்தில் பெரும்பாலும் வலியிராது. வயிற்றில் நீர் கோத்து, இரத்த வாந்தி எடுத்து, புத்தி தடுமாறும்போதுதான் பலருக்குத் தெரிகிறது. புற்றுநோயும் வரலாம்.

கீழாநெல்லி இருக்கிறதே என்பீர்கள். 1988-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவினர் அதுபற்றி 'லான்செட்' இதழில் எழுதினார்கள், நமக்குப் பெருமைதான். ஆனால் பின்னர் வேறிடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. கஷாயத்தை நம்பி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். பி கிருமியை மாத்திரையால் அடக்கலாம். சி கிருமியைப் பெரும்பாலோரிடம் மூன்றே மாதத்தில் ஒழிக்கலாம்.

தழும்பேறியவர் உப்பைக் குறைக்க வேண்டும்; ஆறு மாதத்துக்கொரு முறை ஸ்கேன் பார்க்க வேண்டும். முற்றினால் மாற்று ஈரல்தான். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் அந்த அறுவை நடக்கிறது.

இளைஞர்களே, தொற்றில்லை என்று தெரிந்தால் பி தடுப்பூசியை மூன்று தவணையும் போட்டுக்கொள்ளுங்கள். சவரக்கடையில் புது பிளேடு கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.