நகரத்தைத் திட்டமிடுபவருக்கு நகரம் கட்டுப்படியாகிறதா?

(அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பிளஸ் டூ முடித்த பேரன் பேத்திகளுக்கு இன்ஜினியரிங் தவிர வேறு என்ன படிப்பு என்று பலர் கேட்கிறீர்கள். நகரத் திட்டமிடல் என்று சொன்னால் உடனே அடுத்த கேள்வி, "என்ன சம்பளம் வரும்?" நியாயமான கேள்விதான், ஆனால் பாதிக் கேள்வி. நான் பௌதிகம் படித்தவன். எதோடு ஒப்பிடுகிறோம் என்று சொல்லாத அளவுக்கு அர்த்தமில்லை. எந்த ஊரில், என்ன வாடகையில் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

டெல்லி வளர்ச்சி ஆணையத்தில், அதாவது டி.டி.ஏ.வில், திட்டமிடல் பிரிவு உதவி இயக்குநர் பதவி ஏழாவது சம்பளக் கமிஷனின் 10-வது நிலை. ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். 2024 ஜனவரியில் அகவிலைப்படி 50 சதவீதம் ஆனது. அதையொட்டி வீட்டு வாடகைப்படி பெருநகரங்களில் 30, நடுத்தர நகரங்களில் 20, சிறிய ஊர்களில் 10 சதவீதமாக உயர்ந்தது. அந்தக் கணக்குப்படி டெல்லியில் வாடகைப்படி 16,830 ரூபாய். அதே நிலையிலுள்ள மத்திய அரசு உத்தியோகஸ்தருக்குச் சிறிய ஊரில் 5,610. அகவிலைப்படியோ தேசம் முழுவதும் ஒன்றே.

மூன்றையும் கூட்டினால் டெல்லியில் 1,00,980. சிறிய ஊரில் 89,760. உதாரணத்துக்கு டெல்லியில் வாடகை 30,000, சிறிய ஊரில் 9,000 என்று வையுங்கள். வாடகை போக டெல்லிக்காரர் கையில் 70,980. மற்றவர் கையில் 80,760. அதிகச் சம்பளக்காரர்தான் ஏழை! போக்குவரத்துப்படியில் டெல்லிக்குக் கொஞ்சம் கூடுதல் உண்டு. ஆனாலும் பள்ளம் முழுக்க நிரம்பாது. மும்பை, பெங்களூர் அங்கத்தினர்கள் சிரிப்பது தெரிகிறது. வாடகை குறைவென்று தள்ளிப் போனால் பணத்துக்குப் பதில் நேரத்தைக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

இது ஒரு உத்தியோகஸ்தரின் கஷ்டம் மட்டுமல்ல. எங்கே வீடு கட்டலாம், எத்தனை மாடி, எங்கே சாலை என்று வரைபவர் அவர். அவருக்கே கட்டுப்படியாகாத நகரம் ஆட்டோ ஓட்டுபவருக்கும், நம் வீட்டில் சமையலுக்கு வருபவருக்கும் எப்படிக் கட்டுப்படியாகும்?

அப்படியானால் இந்தப் படிப்பு வேண்டாமா? அப்படிச் சொல்லமாட்டேன். மாநில நகர் ஊரமைப்புத் துறைகளுக்கு 12,000-க்கு மேல் திட்டமிடுநர் பதவிகள் தேவை, அனுமதிக்கப்பட்டவை 4,000-க்கும் குறைவு, அவற்றிலும் பாதி காலி என்று நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கை கூறியது. வேலை இருக்கிறது, பதவிகளை உண்டாக்கி நிரப்பத்தான் அரசுகள் முன்வர வேண்டும். அதுவரை பலருக்குத் தனியார் ஆலோசனை நிறுவனங்களும் ஒப்பந்த வேலையும்தான் வழி. அங்கே ஊருக்குத் தக்க வாடகைப்படி என்று விதி கிடையாது. பேசித்தான் வாங்க வேண்டும்.

பி.பிளான் நான்கு வருஷப் படிப்பு. டெல்லி, போபால், விஜயவாடா ஆகிய ஊர்களில் மத்திய அரசின் கல்வி நிலையங்கள் உள்ளன. ஜே.இ.இ. மெயின் தேர்வில் இதற்கென்று தனித்தாள் உண்டு.

குழந்தைகளுக்கு ஆர்வமிருந்தால் தடுக்காதீர்கள். வேலைக்கான உத்தரவு வந்ததும் முதலில் அந்த ஊர் வாடகையை விசாரியுங்கள். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகைக்கே போகுமென்றால், நடுத்தர நகரம் ஒன்றில் கிடைக்கும் வேலையையும் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.