வாங்கிய பொருளை வாங்கவில்லை என்பதா?



கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறு கட்டளையிடும் வசனமே (2:282) திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை நீங்கள் அறிவீர்கள். எழுத்து, எழுதுபவர், சாட்சி என்று அது அத்தனை விரிவாகப் பேசுகிறது. ஒருவர் மறந்தாலும் மறுத்தாலும் மற்றவரின் பொருள் அழிந்துவிடக் கூடாது அல்லவா? இன்றோ வாங்குபவரின் முகத்தை விற்பவர் காணாமலேயே வியாபாரம் நடக்கிறது. அதில் நிகழும் ஓர் அநியாயத்தைப் பற்றியே உங்களிடம் பேச விரும்புகின்றேன்.

நம் ஜவ்வாது மலையையே எடுத்துக்கொள்வோம். ஜமுனாமரத்தூர்ப் பக்கம் தேனும் சாமையும் புளியும் கிடைக்கின்றன. அங்கே தேனைக் கொள்முதல் செய்து ஒருவர் இணையத்தில் விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர்க்காரர் ஒருவர் கிரெடிட் கார்டு மூலம் 2,400 ரூபாய் செலுத்தி நான்கு பாட்டில் வாங்குகிறார். கூரியர் போய்ச் சேருகிறது. இரண்டு மாதம் கழித்து, அந்தத் தொகையைத் தாம் செலுத்தவே இல்லை என்றோ, பொருள் வரவில்லை என்றோ அவர் தம் வங்கியில் புகார் செய்கிறார். வங்கி அப்பணத்தை விற்றவரின் கணக்கிலிருந்து திரும்ப எடுத்துவிடுகிறது. இதற்குத்தான் சார்ஜ்பேக் என்று பெயர். தேனும் போயிற்று, பணமும் போயிற்று. போதாதென்று அதற்கான கட்டணத்தையும் விற்றவரே கட்ட வேண்டும். விசா, மாஸ்டர்கார்டு விதிகளின்படி பெரும்பாலான புகார்களை 120 நாட்கள் வரை எழுப்பலாம். பதில் சொல்ல விற்றவருக்குக் கிடைக்கும் அவகாசமோ மிகக் குறைவு.

இந்த உரிமையே தவறு என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பில்லில் பிழை இருந்தால் 60 நாட்களுக்குள் மறுக்கும் உரிமையை அட்டைதாரருக்கு வழங்கியது. அட்டை திருடு போனவருக்கும், பணம் கட்டியும் பொருள் வராதவருக்கும் அது அரண். அந்த அரணைப் பொய்யர்கள் ஆயுதமாக்குவதுதான் கொடுமை.

நம் நாட்டில் ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் 1 முதல் இணையத்தில் அட்டை மூலம் பணம் செலுத்தக் கூடுதல் உறுதிப்பாட்டைக் கட்டாயமாக்கியது. நம் கைப்பேசிக்கு ஓ.டி.பி. வரத் தொடங்கியது அதனால்தான். அவ்வாறு உறுதி செய்யப்பட்ட வியாபாரத்தில் "இது நான் செய்யாதது" என்று ஒருவர் மறுத்தால், பொதுவாக அந்த நட்டம் அட்டை வழங்கிய வங்கியைச் சாரும். ஆனால் "பொருள் வரவில்லை", "சொன்னபடி இல்லை" என்னும் புகார்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. வெளிநாட்டில் வழங்கப்பட்ட அட்டைகளுக்கு அந்த உத்தரவும் பொருந்தவில்லை. துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆர்டர் பெறும் சகோதரர்கள், அந்த அட்டைகளுக்கும் உறுதிப்பாடு கேட்கும்படி தங்கள் பேமெண்ட் நிறுவனத்திடம் வலியுறுத்துங்கள்.

வியாபாரம் செய்யும் சகோதரர்களே! பில், கூரியர் ரசீது, பெற்றவரின் கையொப்பம், பொதி கட்டியபோது எடுத்த படம், வாட்ஸ்அப் உரையாடல் அனைத்தையும் குறைந்தது ஆறு மாதம் பத்திரப்படுத்துங்கள். அவைதாம் உங்கள் சாட்சிகள். முன்பின் அறியாதவர் பெரிய ஆர்டர் கொடுத்து, இரண்டு மூன்று அட்டைகளை மாற்றி மாற்றி முயன்று, பணம் கட்டியபின் முகவரியை மாற்றச் சொன்னால் அனுப்பாமல் நிறுத்தி, அவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுங்கள். "தவறிக் கூடுதலாகக் கட்டிவிட்டேன், வேறு கணக்கிற்குத் திருப்பி அனுப்புங்கள்" என்றால் இணங்காதீர்கள். எந்த அட்டையிலிருந்து வந்ததோ அதற்கே திருப்புங்கள். வேறு கணக்கிற்கு அனுப்பிவிட்டால், பிறகு சார்ஜ்பேக்கும் வந்து இருமுறை இழப்பீர்கள். இன்னொன்று: கடைக்கு ஒரு பெயர், வங்கிக் கணக்கிற்கு வேறு பெயர் என்றிருந்தால், மாதப் பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்து நேர்மையானவரும் திகைத்துப் புகார் செய்துவிடுவார். எந்தப் பெயர் வரும் என்பதைப் பில்லிலேயே அச்சிடுங்கள்.

மதீனாச் சந்தையில் நபி (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் இருந்த ஈரத்தைக் கண்டுபிடித்த செய்தி உங்களுக்குத் தெரியும். இணையத்தில் நீங்கள் போடும் படம் குவியலின் மேற்பகுதி. தேன் குளிரில் உறையும், சில தேன் சர்க்கரை போலக் கட்டிதட்டும். அது இயல்பு, அதுவே கலப்படம் ஆகிவிடாது. முன்கூட்டி எழுதாவிட்டால், டிசம்பரில் பாட்டிலைத் திறப்பவர் ஏமாற்றப்பட்டதாகத்தான் நினைப்பார். உள்ளதை உள்ளபடி எழுதினால், புகார் வந்தாலும் அந்த எழுத்தே உங்களுக்காகப் பேசும்.

இனி, வாங்கும் குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை. தந்தையின் அட்டையில் மகன் வாங்குகிறான். பட்டியலைப் பார்த்த தந்தை, "நான் வாங்கவில்லை" என்று வங்கிக்கு அழைக்கிறார். அவர் சொல்வது ஒரு வகையில் உண்மை, ஆனால் பொருளோ வீட்டில் இருக்கிறது! முதலில் வீட்டாரிடம் விசாரியுங்கள். பிறகு விற்றவரிடம் கேளுங்கள். இதில் நாளைக் கடத்த வேண்டாம். உண்மையிலேயே திருட்டு என்றால் உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவிப்பவரை, அவர்மீது தவறில்லை எனில், நட்டத்திலிருந்து முழுமையாக விடுவிக்குமாறு ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வங்கிகளுக்கு உத்தரவிட்டது.

புகார் செய்தபின் பொருள் வந்து சேர்ந்துவிட்டதா? புகாரைத் திரும்பப் பெறுவதாக வங்கிக்கு எழுதிக் கொடுங்கள். அதன் நகலை விற்றவருக்கும் அனுப்புங்கள். தம் வங்கியிடம் காட்ட அவருக்கு அது தேவைப்படும்.