சங்கத்தின் சந்தாவும் விற்பனை வரியும்

பத்துப் பேர் கூடிப் பணஞ் சேர்த்துத் தேநீர் காய்ச்சிப் பகிர்ந்து பருகினால், அங்கே வியாபாரம் நடந்ததென்று எவரும் சொல்லார். அந்தப் பத்துப் பேருமே ஒரு சங்கம் அமைத்து, விதிகள் எழுதி, காரியதரிசியையும் தனாதிகாரியையும் தெரிவு செய்து, அதே தேநீரைச் சங்கத்திடம் பெற்றுக் காசு கொடுத்தால், அது விற்பனையாகுமா? விற்பனையாயின் அதற்கு வரி உண்டா? சிறிதாகத் தோன்றும் இக்கேள்வி, இந்திய நாட்டு நீதிமன்றங்களில் அரை நூற்றாண்டுக்கு மேலாக வாதிக்கப்பட்டு வந்திருக்கிறது.

இதன் வேர் இங்கிலாந்தில் உள்ளது. 1882ஆம் ஆண்டில் அங்கே ஒரு வழக்கு எழுந்தது. அனுமதிப் பத்திரமின்றி அங்கத்தவர் ஒருவருக்கு மது விற்றார் என்பது ஒரு சங்கத்து முகாமையாளர்மீது சாட்டப்பட்ட குற்றம். சங்கத்து மது அங்கத்தவர் அனைவருக்கும் பொதுவுடைமை; பெற்றவருக்கும் அதிற் பங்குண்டு; ஆதலால் அது விற்பனையன்று என நீதிபதிகள் தீர்த்தனர். தன் பொருளைத் தனக்கே விற்க ஒருவராலும் இயலாது என்பது இத்தீர்ப்பின் உட்கிடை.

சென்னை மாநிலத்தின் 1959ஆம் ஆண்டு விற்பனை வரிச் சட்டம், சங்கம் அங்கத்தவருக்கு வழங்குவதையும் விற்பனையெனக் கொண்டது. சென்னை கொஸ்மொபொலிட்டன் கழகம் முதலியன இதனை எதிர்த்து வழக்காடின. அவ்வரி செல்லாதென 1970இல் இந்திய உச்ச நீதிமன்றம் கூறியது. 1982இல் அரசமைப்பின் 46ஆம் திருத்தம் வந்தது. அத்திருத்தத்தாலும் பழைய கொள்கை அழியவில்லை என 2019இல் அதே நீதிமன்றம் தீர்த்தது. பின்னர், சங்கமும் அங்கத்தவரும் வேறு வேறு ஆட்களே எனக் கருதவேண்டுமென்று 2021இல் சட்டம் இயற்றப்பட்டது. சரக்கு சேவை வரி பிறந்த 2017 யூலை 1ஆந் திகதியிலிருந்தே அது செல்லும் எனவும் விதிக்கப்பட்டது. அச்சட்டம் அரசமைப்புக்கு முரணானதெனக் கேரள உயர்நீதிமன்றம் 2025இல் தீர்ப்பளித்தது.

இந்த நீண்ட வழக்கினால் ஊதியமின்றி உழைக்கும் தனாதிகாரிக்கு வரும் இடர் யாது? நான்கு ஆண்டுகளுக்கு முன்பு வாங்கிய சந்தாவுக்கு இன்று விளக்கம் கேட்கப்படலாம். சட்டம் பின்னோக்கிச் செல்லும்பொழுது கணக்கேடும் பின்னோக்கிச் செல்லத் தக்கதாய் இருத்தல் வேண்டும். வரவெல்லாம் ஒரே பெட்டியில், ஒரே தலைப்பில் இடப்பட்டிருந்தால், நேர்மையான சங்கமும் பதில் சொல்ல இயலாது தடுமாறும்.

சென்னையில் ஒரு புகைப்படச் சங்கம் இருப்பதாகக் கொள்வோம். அங்கத்தவர் 120 பேர். ஆண்டுச் சந்தா 900 ரூபா. வரவு 1,08,000 ரூபா. ஆண்டுக் கண்காட்சிக்கு 50 ரூபா வீதம் 600 நுழைவுச்சீட்டுகள் விற்றால் 30,000 ரூபா. 250 ரூபா விலையில் 200 நாட்காட்டிகள் விற்றால் 50,000 ரூபா. சிறப்பு மலரில் விளம்பரஞ் செய்த கடைக்காரர் தந்தது 25,000 ரூபா. ஆக மொத்தம் 2,13,000 ரூபா.

இந்நான்கு வரவுகளும் நான்கு தன்மையுடையன. கலை, அறிவியல், இலக்கியம், பண்பாடு, விளையாட்டு முதலியவற்றை வளர்க்கும் இலாப நோக்கற்ற சங்கங்கள் பெறும் சந்தாவுக்கு, ஓர் அங்கத்தவருக்கு ஆண்டொன்றில் 1,000 ரூபா வரை வரிவிலக்கு உண்டு. நாடகம், இசைக்கச்சேரி போன்றவற்றின் நுழைவுக் கட்டணம் 500 ரூபாவுக்கு மேற்படாதாயின் அதற்கும் விலக்குண்டு. ஆனால் எல்லா நிகழ்ச்சிகளும் அவ்விலக்கினுள் அடங்கா. நாட்காட்டி சரக்கு; அதனை வாங்குபவர் வெளியாராயின், பொதுவுடைமை என்னும் வாதம் அங்கே எழாது. கடைக்காரர் கொடுத்ததை நன்கொடை என்று எழுதினும், அவர் தொழிலுக்கு விளம்பரம் கிடைத்திருப்பின் அது சேவைக்குரிய விலையே. கைம்மாறு கருதாது அளித்ததே உண்மை நன்கொடை.

தமிழ்நாட்டில் சேவை வழங்குவோரின் ஆண்டு மொத்த வரவு 20 இலட்சம் ரூபாவைத் தாண்டினாற்றான் பதிவு கட்டாயமாகும். வரிவிலக்குப் பெற்ற வரவும் இம்மொத்தத்திற் சேரும். மேற்சொன்ன சங்கம் அவ்வெல்லைக்கு மிகவும் கீழே நிற்கிறது. ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. வரிக்குரிய சரக்கை வேறு மாநிலத்தாருக்கு விற்றால், தொகை சிறிதாயினும் பதிவு வேண்டப்படலாம். பதிவு செய்யாத சங்கம் பற்றுச்சீட்டில் வரி என்று ஒரு பைசாவேனும் அறவிடலாகாது. நூற்றுக்கு 18 வீதம் வரியைச் சேர்த்து வாங்கினால் அரசாங்கம் மகிழும் என எண்ணும் தனாதிகாரி, நல்லெண்ணத்தினாலேயே சட்டத்தை மீறியவராவார்.

ஆகவே சந்தாவுக்கு ஒரு நிரல், நுழைவுச்சீட்டுக்கு ஒரு நிரல், விற்ற பொருளுக்கு ஒரு நிரல், விளம்பரத்திற்கு ஒரு நிரல், நன்கொடைக்கு ஒரு நிரல் என ஏட்டைப் பிரித்துக்கொள்க. ஒவ்வொரு பற்றுச்சீட்டிலும் பணம் தந்தவர் அங்கத்தவரா வெளியாரா என்பதைக் குறித்துவைக்க. மாதந்தோறும் மொத்தத்தைக் கூட்டி, எல்லை எவ்வளவு தொலைவில் இருக்கிறதென்று பார்த்துவருக. நீதிமன்றங்கள் நாளை எவ்வாறு தீர்ப்பினும், இவ்வாறு எழுதப்பட்ட ஏடு அத்தீர்ப்புக்கு ஏற்பக் கணக்குக் காட்டும். தனாதிகாரி மாறும்போது, பின்வருபவர் அவ்வேட்டைக் கவலையின்றிப் பெற்றுக்கொள்வார்.