வேலியில் ஓட்டை, கணக்கு யாரிடம்?

ஆலையில் ஒரு கட்டு நூல் குறைந்தால் வாசலில் நம் மடியைத்தான் அவிழ்த்துப் பார்க்கிறார்கள். களத்தில் ஒரு மரக்கால் நெல் குறைந்தால் கூலியாளின் குடிசையில்தான் முதல் சோதனை. ராணுவக் கிடங்கிலேயே குண்டுகள் களவு போனால் யாரைச் சோதிப்பது? போர்த்துகல் நாட்டில் நடந்ததைச் சொல்கிறோம், கேளுங்கள்.

2017 ஜூன் மாதக் கடைசியில், டாங்கோஸ் என்ற இடத்திலுள்ள ராணுவ வெடிமருந்துக் கிடங்கின் கம்பி வேலியை வெட்டிக்கொண்டு திருடர்கள் உள்ளே புகுந்தார்கள். கையெறி குண்டுகள், டாங்கிகளைத் தகர்க்கும் ராக்கெட்டுகள், வெடிமருந்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட துப்பாக்கி ரவைகள் எல்லாவற்றையும் அள்ளிச் சென்றார்கள். காமிரா பார்க்கவில்லையா? இல்லை. அது கெட்டுப்போய்ச் சுமார் 2 ஆண்டுகளாகியிருந்தன!

திருடியவன் குற்றவாளிதான். அந்தக் குண்டுகள் விலை போனால், கடைசியில் சாவது சாதாரண ஜனங்களே. ஆனால் காமிராவைப் பழுதுபார்க்கப் பணம் ஒதுக்கும் அதிகாரம் காவல் நிற்கும் சிப்பாய்க்கு உண்டா?

அடுத்து நடந்ததையும் பாருங்கள். அக்டோபரில், சாமுஸ்கா என்ற ஊர்ப் பக்கம் ஆயுதங்களில் பெரும்பகுதி கிடைத்தது. ரவைகள் திரும்பவில்லை. ஆனால் களவு போன கணக்கைவிட ஒரு பெட்டி வெடிமருந்து அதிகமாக இருந்தது! கிடங்கின் கணக்கு அந்த லட்சணம்.

யாரோ முகம் தெரியாதவர் போனில் துப்புக் கொடுத்ததாக ராணுவப் போலீஸ் சொல்லிற்று. அது நாடகம். சிவில் போலீசுக்குத் தெரியாமல், திருடனோடு ரகசியமாகப் பேரம் பேசித்தான் ஆயுதங்களை மீட்டிருந்தார்கள். குட்டு வெளிப்பட்டது. 2018 அக்டோபரில் ராணுவ மந்திரி அசெரெடோ லோபெஸ் ராஜிநாமா செய்தார். தரைப்படைத் தளபதியும் விலகினார். 2022 ஜனவரியில் கோர்ட்டு, 23 பேரில் 11 பேரைத் தண்டித்தது. அவர்களில் ராணுவப் போலீசின் முன்னாள் தலைவரும் ஒருவர். முன்னாள் மந்திரி விடுதலையானார்.

தோழர்களே! வேலியில் ஓட்டை விழுந்தால் அடைக்கலாம். மானத்துக்குப் பயந்து மேலிடம் ஓட்டையை மூடி மறைத்தால், அடுத்த திருடனுக்கு அதுவே வழி. கிடங்கு ஜனங்களின் வரிப்பணம். எனவே, காவல் நின்றவனிடம் மட்டுமல்ல, காவலுக்கு வேண்டியதைக் கொடுக்காதவனிடமும், உண்மையை மறைத்தவனிடமும் கணக்குக் கேட்க வேண்டும்.

நம் மடியை அவிழ்த்துப் பார்க்கும் உலகம், மேலிடத்துக் கணக்கையும் அவிழ்த்துப் பார்க்கட்டும்!